சைகையைப் பேச்சாக்கும் கையுறை: மாமாவுக்குச் செய்து தரலாம்னு இருக்கேன், யோசனை சொல்லுங்க

அல்சூர்ப் பையன் | சனி, இரவு 10:42

எல்லாருக்கும் வணக்கம். பெங்களூர்ல எலக்ட்ரானிக்ஸ் கடைசி வருஷம் படிக்கிறேன். எங்க அம்மாவோட அண்ணன், பெரிய மாமா, பிறவியிலேயே காது கேட்காதவர். சிவாஜிநகர்ல ஒரு சந்துல சின்னதா தையல் கடை வச்சிருக்கார். அவர் கைபட்ட பிளவுஸ்னா அந்தத் தெருவுல தனி மரியாதை. ஆனா கஸ்டமர்கிட்ட பேசறதுக்கு எப்பவும் அத்தை பக்கத்துலயே இருக்கணும். அத்தை ஆம்பூர் போயிட்டா அன்னைக்குக் கடை பாதி ஷட்டர்தான்.

அதனால ப்ராஜெக்டுக்கு இதையே எடுத்துட்டேன். விரலுக்கு ஒரு ஃப்ளெக்ஸ் சென்சார், மணிக்கட்டுல அசைவை அளக்க எம்பியு6050 சென்சார், மூளைக்கு ஈஎஸ்பி32 போர்டு. மாமா சைகை பண்ணினா போன்ல எழுத்தாவும் வரும், தமிழ்க் குரலாவும் வரும். பட்ஜெட் எட்டாயிரம். ஆகஸ்டுல அக்கா கல்யாணம். மேடையில தாய்மாமனா அவர் ரெண்டு வார்த்தை பேசணும்னு எனக்கு ரொம்ப நாள் ஆசை.

யாராவது இது மாதிரி பண்ணியிருக்கீங்களா? சென்சார் ரீடிங் குதிச்சுக்கிட்டே இருக்கு. தமிழ்க் குரலுக்கு எது நல்லது?

எஸ்பி ரோடு சால்டர் | சனி, இரவு 11:20

தம்பி, ரீடிங் குதிக்குதுன்னா முதல்ல வயரிங்கைப் பாரு. ஈஎஸ்பி32-ல சென்சார் வோல்டேஜை நம்பரா மாத்துற ஏடிசி ரெண்டு இருக்கு. வைஃபை ஓடும்போது ஏடிசி2 பின் எல்லாம் படுத்துக்கும். அஞ்சு சென்சாரையும் ஏடிசி1 பக்கம் மாத்து, 32-லேர்ந்து 39 வரைக்கும் இருக்கே அது. அப்புறம் ஃப்ளெக்ஸ் சென்சார் வளைய வளைய மின்தடை ஏறும், சரி. ஆனா அடியில பின் சேருற இடம் ரொம்ப நோஞ்சான். அங்க மடிஞ்சா அடுத்த வாரம் மறுபடி எஸ்பி ரோடு வந்து காசு அழணும். அந்த இடத்துல சுருங்குக் குழாய் போட்டு, கையுறையோட சேர்த்துத் தைக்காம, ஒரு உறை தச்சு அதுக்குள்ள நழுவ விடு. தைக்கத்தான் மாமா இருக்காரே.

இன்னொண்ணு. ஃப்ளெக்ஸ் சென்சாருக்கு விரல் மடங்கினது தெரியும், விரல் விரிஞ்சது தெரியாது. ஆள்காட்டி விரலையும் நடு விரலையும் ஒட்டி நீட்டினாலும், கவட்டை மாதிரி விரிச்சு நீட்டினாலும் அதுக்கு ஒரே நம்பர்தான். அமெரிக்கச் சைகை மொழியில விரலால காட்டுற எழுத்துல யு, வி ரெண்டும் அப்படித்தான் குழம்பும். நான் ரெண்டு பேட்ச் பசங்களுக்கு இதை சால்டர் பண்ணிக் கொடுத்திருக்கேன். ரெண்டு பேரும் வந்து இதே சந்தேகம் கேட்டாங்க.

அல்சூர்ப் பையன் | ஞாயிறு, காலை 9:05

அண்ணா, ஏடிசி1-க்கு மாத்தினதும் ரீடிங் சாந்தமாயிடுச்சு. ரொம்ப நன்றி. 26 எழுத்தும் ட்ரெயின் பண்ணிட்டேன், என் கையில நூத்துக்குத் தொண்ணூறு சரியா வருது. இன்னைக்கு மத்தியானம் மாமா வீட்ல பிரியாணி. அங்கயே மாட்டிப் பார்த்துடறேன்.

ரெண்டு மொழிக்காரி | ஞாயிறு, காலை 9:31

தம்பி, போறதுக்கு முன்னாடி ஒரு கேள்வி. எந்த 26 எழுத்து? ஒரு கை எழுத்தா, ரெண்டு கை எழுத்தா?

என் அப்பா அம்மா ரெண்டு பேருமே காது கேட்காதவங்க. லிங்கராஜபுரத்துல வளர்ந்தேன். சைகை மொழிதான் எனக்கு முதல்ல வந்தது, தமிழ் அப்புறம்தான். நெட்ல இருக்கிற கையுறை வீடியோ முக்கால்வாசி அமெரிக்கச் சைகை மொழியோட ஒரு கை எழுத்து. நம்ம இந்தியச் சைகை மொழியில எழுத்துக்கு ரெண்டு கையும் வேணும், ஒரு கை இன்னொரு கையைத் தொடணும். ஒத்தைக் கையுறை வச்சு அதை எப்படிப் பிடிப்பே? அதைவிட முக்கியமா, உங்க மாமா எழுத்து எழுத்தா ஸ்பெல் பண்ணியா பேசறார்? நாம "தண்ணி"யை "த், அ, ண்" னு எழுத்துக் கூட்டியா கேக்கறோம்?

அல்சூர்ப் பையன் | ஞாயிறு, இரவு 9:48

அக்கா, நீங்க சொன்னது மத்தியானம்தான் உறைச்சுது. நடந்ததை அப்படியே எழுதறேன், சிரிச்சுக்கோங்க.

மாமா கையில மாட்டினேன். முப்பது வருஷம் கத்திரி பிடிச்ச கை, என் கைக்கு அளவெடுத்த ரீடிங் எதுவும் ஒத்து வரல. மறுபடி அளவெடுத்தேன். சைகை பண்ணுங்கன்னு சொன்னேன். அவர் என்னமோ பண்ணினார், போன் "க்யூ" ன்னுது. இன்னொண்ணு பண்ணினார், அதுவும் "க்யூ". தாத்தா வரைக்கும் எல்லாரும் சிரிச்சாங்க. நான் செஞ்சு காட்டின அமெரிக்க எழுத்து ஒண்ணுகூட மாமாவுக்குத் தெரியல. "இது யார் பாஷை?" ன்னு அத்தை மூலமா கேட்டார்.

அப்புறம் கையுறையைக் கழட்டாமலே பக்கத்து டேபிள்லேருந்து ஊசியை எடுத்து நூல் கோர்க்கப் பார்த்தார். முடியல. கையுறையைக் கழட்டி என் மடியில வச்சார். அந்த ஒண்ணுலயே எனக்குப் பாதி பதில் கிடைச்சுடுச்சு.

இன்னொண்ணு சொல்லணும். பேசிக்கிட்டிருக்கும்போது மாமா என்னைக் காட்டி கன்னத்துல ஒரு விரலால குத்தித் திருப்பினார். அதைச் சின்ன வயசுலேருந்து பார்த்திருக்கேன், "குறும்பு" ன்னு அர்த்தம்னு நெனச்சுட்டிருந்தேன். அது என் பேராம். எனக்குக் கன்னத்துல குழி விழும், அதனால. எனக்கு இருபத்தொரு வயசு. மாமா பாஷையில எனக்கு ஒரு பேர் இருக்குன்னு இன்னைக்குத்தான் தெரியும்.

ரெண்டு மொழிக்காரி | ஞாயிறு, இரவு 10:15

எல்லாருக்கும் அப்படி ஒரு சைகைப் பேர் வைப்பாங்க தம்பி. எனக்கு நெத்தியில ஒரு தழும்பு, அதுதான் பேர்.

இப்ப உன் சர்க்யூட்டை அந்தப் பேரோட வச்சுப் பாரு. விரல் மடங்கினது தெரியும், மணிக்கட்டு திரும்பினதும் தெரியும். கை கன்னத்துல இருந்ததா, நெத்தியில இருந்ததா, நெஞ்சுல இருந்ததான்னு எம்பியு6050 சொல்லுமா? அந்த இடம் மாறினா வார்த்தையே மாறிடும்.

எஸ்பி ரோடு சால்டர் | ஞாயிறு, இரவு 10:40

சொல்லாது. முடுக்கத்தை ரெண்டு தடவை கூட்டி இடம் கண்டுபிடிக்கலாம்னு புஸ்தகத்துல இருக்கும். நிஜத்துல சில விநாடியிலயே பிழை ஏறி, கை மைசூர்ல இருக்குன்னு சொல்லும். மேடம் கேட்டது சரியான கேள்வி. நான் இத்தனை நாள் இதை யோசிக்கவே இல்ல.

கரோல்பாக் கணக்கர் | திங்கள், காலை 6:50

இளைஞருக்கு வாழ்த்துகள். டெல்லியில் மத்திய அரசுப் பணியில் இருந்து ஓய்வு பெற்றவன். பக்கத்து வீட்டுப் பிள்ளை செவித்திறன் குறையுடையவன் என்பதால் இந்த விஷயத்தை நீண்ட காலமாகக் கவனித்து வருகிறேன்.

இந்தக் கையுறை புதிதல்ல. 1983-லேயே பெல் ஆய்வகத்தின் கேரி கிரைம்ஸ் விரல் எழுத்துகளைக் கணினிக்குக் கொடுக்கும் கையுறைக்குக் காப்புரிமை பெற்றுவிட்டார். 2012-இல் மைக்ரோசாஃப்ட் நடத்திய இமேஜின் கோப்பையை உக்ரைன் மாணவர்கள் ஒரு கையுறைக்காக வென்றார்கள். 2016-இல் வாஷிங்டன் பல்கலைக்கழக மாணவர் இருவர் பத்தாயிரம் டாலர் லெமல்சன் பரிசு பெற்றார்கள். அந்த முறை அதே பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மொழியியலாளர்களே திறந்த மடல் எழுதி மறுத்தார்கள். 2020-இல் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சல்ஸ் வளாகத்தில் ஒரு குழு 660 அமெரிக்கச் சைகைகளை 98.63 சதவீதம் சரியாகக் கண்டதாக அறிவித்தது. அவர்கள் புருவங்களுக்கு நடுவிலும் வாயோரத்திலும் சென்சார் ஒட்டினார்கள். முகமும் மொழியின் பகுதி என்று அந்த அளவுக்காவது ஒப்புக்கொண்டார்கள்.

நாற்பது ஆண்டுகளாகச் செய்தித்தாளில் வருகிறது, கடைக்கு மட்டும் வரவில்லை. வாங்க வேண்டியவர் கேட்காத பொருளைச் செய்தால் அப்படித்தான்.

பெங்களூர்க்காரர்களுக்கு ஒரு தகவல். 1970-களின் பிற்பகுதியிலிருந்து மதன் வசிஷ்டா என்பவர், அவரும் காது கேளாதவர், அமெரிக்க மொழியியலாளர்களுடன் சேர்ந்து நான்கு நகரங்களின் சைகைச் சொற்களைத் தொகுத்தார். டெல்லி, கல்கத்தா, பம்பாய், நான்காவது உங்கள் ஊர். சொற்களில் ஊருக்கு ஊர் வேறுபாடு இருக்கிறது, இலக்கணம் பெரும்பாலும் ஒன்று.

வளர்ச்சி விரும்பி | திங்கள், காலை 8:12

பையன் ஆர்வமா வந்தா எல்லாரும் சேர்ந்து தண்ணி ஊத்தறீங்க. 1903-ல ரைட் சகோதரர்கள் முதல்ல பறந்தது வெறும் 12 விநாடி. அன்னைக்கு நீங்க இருந்திருந்தா "இதுல டெல்லி போக முடியுமா" ன்னு கேட்டிருப்பீங்க. எதுவும் இல்லாததுக்கு ஏதோ ஒண்ணு மேல் இல்லையா? [நீக்கப்பட்டது] பாஷையை யார் கத்துக்கப் போறா? நம்ம ஜனத்துக்குக் கன்னடம் கத்துக்கவே நேரமில்ல.

நெறியாளர் | திங்கள், காலை 8:40

மேலே ஒரு சொல்லை நீக்கியிருக்கிறேன். எந்தச் சொல் என்று எழுதியவருக்குத் தெரியும். "காது கேளாதவர்", "சைகை மொழி" என்றே எழுதுங்கள். கருத்து அப்படியே இருக்கிறது, விவாதம் தொடரலாம்.

ரெண்டு மொழிக்காரி | திங்கள், மதியம் 1:10

ரைட் சகோதரர்கள் தாங்களே ஏறிப் பறந்தாங்க சார். கையுறை செய்யறவங்கள்ல ஒருத்தராவது அதை மாட்டிக்கிட்டு, வாயை மூடிக்கிட்டு, ஒரு நாள் ரேஷன் கடைக்குப் போய் வந்திருக்காங்களா?

முகத்தைப் பத்தி ஐயா சொன்னாரே, அதுக்கு வீட்டு உதாரணம். "சாப்பிட்டாச்சு", "சாப்பிட்டாச்சா?" ரெண்டுக்கும் எங்க வீட்ல கை ஒண்ணுதான். புருவம் ஏறி, தலை கொஞ்சம் முன்னாடி வந்தா அது கேள்வி. கையுறை போட்ட என் அம்மா "மருந்து சாப்பிட்டியா?" ன்னு கேட்டா, அது "மருந்து சாப்பிட்டேன்" னு பதில் சொல்லிட்டுப் போகும்.

கேள்வி வார்த்தையே வேற கணக்கு. "என்ன" ங்கிற ஒரே சைகைதான் அடிப்படை. "இடம்" போட்டு "என்ன" போட்டா "எங்கே". "நேரம்" போட்டு "என்ன" போட்டா "எப்போ". "முகம்" போட்டு "என்ன" போட்டா "யார்". அதுவும் வாக்கியக் கடைசியிலதான் வரும், நாம "உன் பேர் என்ன" ன்னு சொல்ற மாதிரி. இதை வார்த்தைக்கு வார்த்தை பேச வச்சா "நீ வீடு இடம் என்ன" ன்னு ஸ்பீக்கர் கத்தும். கேக்கறவன் என் அம்மாவைப் படிக்காதவங்கன்னு நெனைப்பான். அவங்க அந்த மொழியில பேசினா சபையே சிரிச்சுச் சிரிச்சு அழும்.

மாட்டுங்கா மாமி | திங்கள், மாலை 4:25

ரொம்ப நன்னா எழுதறேள் எல்லாரும். மும்பையிலேருந்து எனக்கு ஒரு சந்தேகம். எங்காத்துக்காரருக்குத் தொண்டையில ஆபரேஷன் ஆகி குரல்வளையை எடுத்துட்டா. காது நன்னா கேக்கும், பேச்சுதான் இல்லை. பாந்த்ராவுல அலி யாவர் ஜங் இன்ஸ்டிட்யூட்ல காமிக்கச் சொல்லியிருக்கா. அவருக்கு இந்தக் கையுறை பிரயோஜனப்படுமோ? "தண்ணி", "வலிக்கறது", "ஃபேனைக் கொஞ்சம் குறை" இவ்வளவுதான் வேணும். மூணாவதுதான் அதிகம் கேப்பார்.

எஸ்பி ரோடு சால்டர் | திங்கள், மாலை 5:02

மாமி, உங்க வீட்டுக் கேஸ் வேற. அவருக்குக் காது கேட்குது, தமிழ் இருக்கு, குரல் மட்டும்தான் இல்ல. கையுறையே வேண்டாம். போன்ல எழுதினா படிச்சுச் சொல்ற ஆப் போதும். படுக்கையில இருக்கும்போது வேணும்னா மூணு பட்டன் வச்ச டப்பா ஒண்ணு, பட்டனுக்கு ஒரு ரெக்கார்டிங். உங்க குரல்லயே பதிஞ்சு வைங்க. ஃபேன் பட்டனை மட்டும் பெருசா வச்சுடலாம்.

மாட்டுங்கா மாமி | திங்கள், மாலை 5:30

என் குரல்லயே என்னை வேலை வாங்குவாரா! சரி, அதுவும் ஒரு அழகுதான்.

விரல்மொழி | திங்கள், இரவு 11:55

நான் காது கேளாதவன். வயது 34. பெங்களூர், கே.ஆர்.புரம். தமிழ் எனக்கு இரண்டாவது மொழி. பிழை இருந்தால் பொறுக்கவும்.

மூன்று நாட்களாக இந்த இழையைப் படிக்கிறேன். எல்லாரும் என் கையைப் பற்றிப் பேசுகிறீர்கள். ஒரு கணக்கு சொல்கிறேன். நான் கடைக்குப் போனால் எனக்கு வேண்டியதைச் சொல்வது கஷ்டம் இல்லை. விரலால் காட்டுவேன், போனில் எழுதிக் காட்டுவேன். இருபது வருடமாகச் செய்கிறேன். கஷ்டம் அதற்குப் பிறகு. கடைக்காரர் பதில் சொல்வார். வேகமாக, தலையைத் திருப்பிக்கொண்டு, வாயில் பாக்கு வைத்துக்கொண்டு. அது எனக்குத் தெரியாது. கையுறை போட்டால் என் பேச்சு அவருக்குக் கேட்கும். உடனே "இவனுக்குக் கேட்கிறது" என்று நினைத்து இன்னும் வேகமாகப் பேசுவார்.

எனக்கு உதவுவது லைவ் ட்ரான்ஸ்கிரைப். 2019-இல் கூகுள் வெளியிட்டது, காது கேளாதோருக்கான கேலடெட் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து செய்தது. மற்றவர் பேசுவது எழுத்தாக வரும். தமிழும் வரும், கன்னடமும் வரும். சத்தம் உள்ள இடத்தில் தப்பாக வரும், ஆனால் வரும்.

எப்போதும் ஏன் என் கையில் மாட்டுகிறீர்கள்? உங்கள் வாயில் ஒன்று மாட்டுங்கள்.

அல்சூர்ப் பையன் | செவ்வாய், காலை 7:30

அண்ணா, ராத்திரி படிச்சேன். என்ன எழுதறதுன்னு தெரியல. நான் மாமாகிட்ட "உங்களுக்கு எது கஷ்டம்" னு ஒரு தடவைகூடக் கேட்டதில்ல.

வளர்ச்சி விரும்பி | செவ்வாய், காலை 9:15

விரல்மொழி சார், நேத்து எழுதினதுக்கு மன்னிக்கணும். அந்தச் சொல் எங்க வீட்ல சகஜமா புழங்கினது, தப்புன்னு தோணினதே இல்ல. ஆனா என் கேள்வி பாக்கி இருக்கு. ஆஸ்பத்திரி, போலீஸ் ஸ்டேஷன் மாதிரி இடத்துல, கூட யாரும் இல்லாதப்போ, அரைகுறையா இருந்தாலும் அந்த மிஷின் உதவாதா?

ரெண்டு மொழிக்காரி | செவ்வாய், மதியம் 2:20

ஆஸ்பத்திரின்னு சொன்னதால சொல்றேன். எனக்கு ஒன்பது வயசு. அப்பாவுக்கு ஒரு சிறுநீரகத்தை எடுக்கணும்னு ஆயிடுச்சு. பெரிய ஆஸ்பத்திரிதான், பேர் வேண்டாம். டாக்டர் என்னைப் பார்த்து "அப்பாகிட்ட சொல்லும்மா" ன்னார். எனக்குச் சிறுநீரகம்னா என்னன்னே தெரியாது, அதுக்குச் சைகை எங்கேருந்து தெரியும்? வயித்தைக் காட்டி, "கெட்டுப்போச்சு, சரி பண்ணுவாங்க" ன்னு சொன்னேன். அப்பா அல்சர்னு நெனச்சுக்கிட்டார். சிரிச்சுக்கிட்டே கையெழுத்துப் போட்டார். ஒரு வாரம் கழிச்சு, உடம்புல ஒரு உறுப்பு இல்லைன்னு வேற யாரோ எழுதிக் காட்டி அவருக்குத் தெரிஞ்சுது. என்னைத் திட்டல. ரெண்டு நாள் என்கிட்ட கை அசைக்கல, அவ்வளவுதான்.

அன்னைக்கு அப்பா கையில உலகத்துலேயே நல்ல கையுறை இருந்திருந்தாலும் என்ன ஆகியிருக்கும்? அப்பாவுக்குச் சொல்றதுக்கு எதுவும் இல்ல சார். சொல்ல வேண்டியவர் டாக்டர். அங்க தேவைப்பட்டது சைகை தெரிஞ்ச, வயசு வந்த ஒரு மனுஷி. இப்ப வீடியோ காலிலயாவது மொழிபெயர்ப்பாளர் கிடைக்கறாங்க. அந்த டாக்டருக்குக் குழந்தைகிட்ட சொல்லக் கூடாதுன்னு தோணவே இல்லையேங்கறது இன்னைக்கும் எனக்கு ஆறல.

2023 செப்டம்பர்ல சாரா சன்னி, நம்ம பெங்களூர் வக்கீல், காது கேட்காதவங்க, உச்ச நீதிமன்றத்துல மொழிபெயர்ப்பாளர் மூலமா ஆஜர் ஆனாங்க. அப்ப தலைமை நீதிபதி சந்திரசூட். காணொளி விசாரணையில வழக்கு ஓட ஓட மொழிபெயர்ப்பாளர் கை ஓடிக்கிட்டே இருந்தது. என் அப்பாவுக்கு அந்தச் செய்தியைக் காட்டினேன், நாலு தடவை போட்டுப் பார்த்தார்.

கரோல்பாக் கணக்கர் | செவ்வாய், மாலை 6:00

அம்மா, படித்துவிட்டுச் சற்று நேரம் எதுவும் எழுதத் தோன்றவில்லை.

தகவலாக மட்டும்: இங்கே டெல்லியில் இந்தியச் சைகை மொழி ஆய்வு பயிற்சி மையம் 2015-இல் தொடங்கப்பட்டது. 2018-இல் 3,000 சொற்களோடு வந்த அவர்களது வீடியோ அகராதி, 2021-இல் 10,000 ஆனது. இலவசம். சைன் லேர்ன் என்ற செயலியாகவும் போனில் பார்க்கலாம். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் கேட்கும் திறன் குறைபாடு உள்ளவர்கள் ஐம்பது லட்சத்துக்கும் மேல். கேட்கும் நாம் நூறு சொல் கற்றாலே கடையில், வங்கியில் ஓரளவு காரியம் ஆகும்.

எஸ்பி ரோடு சால்டர் | செவ்வாய், இரவு 8:45

ஒரு டெக்னிகல் பாயிண்ட் விட்டுப்போச்சு. கையுறையை விட்டுட்டு கேமரா வழியாப் போகலாம்ல? போன் கேமராவுல மீடியாபைப்னு கையை அடையாளம் காணுற சாஃப்ட்வேர் போட்டா ஒரு கைக்கு 21 புள்ளி கொடுக்குது, முகத்தையும் பிடிக்குது. கையும் காலியா இருக்கும், கன்னத்துல தொட்டதும் தெரியும்.

அல்சூர்ப் பையன் | செவ்வாய், இரவு 9:30

பார்த்தேன் அண்ணா. டேட்டாதான் பிரச்சனை. ஐஐடி மெட்ராஸ் ஏஐ4பாரத் குழு 2020-ல இன்க்ளூட்னு இந்தியச் சைகை வீடியோத் தொகுப்பு ஒண்ணு விட்டாங்க. அடையாறு செயின்ட் லூயிஸ் காது கேளாதோர் பள்ளியில எடுத்தது. நாலாயிரத்துச் சொச்சம் வீடியோ, 263 வார்த்தை. வார்த்தை தனித்தனியாத்தான் இருக்கு. மாமாவும் அத்தையும் சண்டை போடறப்போ ஒரு சைகை முடியறதுக்குள்ள அடுத்தது ஆரம்பிச்சுடும், எது எங்க முடியுதுன்னு எனக்கே தெரியாது. 2024-ல ஐஐடி கான்பூர் ஐசைன்னு ஒண்ணு கொடுத்திருக்காங்க, அதுல 1,18,000 வாக்கிய வீடியோ. அதை ஓட்ட என் லேப்டாப் காணாது.

இன்னொரு சிக்கல், கேலி பண்ணாதீங்க. தமிழ்க் குரல் வேணும்னு கேட்டேன்ல? கடைக்கு வர்ற கஸ்டமர்ல பாதிப் பேர் உருது, மிச்சத்துல கன்னடம், தமிழ், கொஞ்சம் இங்கிலீஷ். அத்தை நாலும் பேசுவாங்க, முகத்தைப் பார்த்தே எதுன்னு கண்டுபிடிச்சுடுவாங்க. கையுறை தமிழ்ல "நாளைக்கு வாங்க" ன்னு சொன்னா பதிலுக்கு என்ன வரும்னு உங்களுக்கே தெரியும். ஊர்லயே மொழித் தகராறு இல்லாத ஆள் எங்க மாமாதான். பீகார்லேருந்து வந்த காது கேட்காத பையன் ஒருத்தன் காஜா எடுக்க வர்றான். ரெண்டு பேரும் முதல் நாளே கதை பேச ஆரம்பிச்சுட்டாங்க.

விரல்மொழி | செவ்வாய், இரவு 10:05

இது உண்மை. நான் சென்னை போனாலும் டெல்லி போனாலும் எங்கள் ஆட்களோடு பேசிவிடுவேன். சில சொல் மாறும், அரை மணி நேரத்தில் பழகிவிடும். நீங்கள்தான் ஓசூர் தாண்டினால் திணறுகிறீர்கள்.

மாட்டுங்கா மாமி | புதன், காலை 10:10

அந்தப் பிள்ளைக்கு ஒண்ணு சொல்லணும்னு இருந்தேன். கல்யாண மேடையில மாமா பேசணும்னு எழுதியிருந்தியே. தாய்மாமன் எந்தக் கல்யாணத்துல பேசியிருக்கான்? மாலை போடணும், சீர் வைக்கணும், முன்னாடி நிக்கணும். அவ்வளவுதானே! பேசறவா எல்லாம் பந்தியில உக்காந்துண்டு சாம்பாரைக் குறை சொல்றவா.

அல்சூர்ப் பையன் | சனி, இரவு 11:15

அப்டேட். விரல்மொழி அண்ணா கேட்ட கேள்வியை மாமாகிட்டயே கேட்டேன், அத்தை இல்லாம. அகராதி வீடியோ பார்த்து "உங்களுக்கு, கஷ்டம், என்ன" மூணு சைகை கத்துக்கிட்டுப் போனேன். "கஷ்டம்" தப்பாப் போட்டேன்போல, ஏதோ சாப்பாடுன்னு நெனச்சு பன் எடுத்துக் கொடுத்தார். ரெண்டாவது தடவை புரிஞ்சுது.

அவர் சொன்னது: மிஷின் சுவத்தைப் பார்த்து இருக்கு. தச்சுக்கிட்டிருக்கும்போது முதுகுக்குப் பின்னாடி கஸ்டமர் வந்து கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்துட்டுப் போயிடறாங்க. சில பேர் தோளைப் பிடிச்சு உலுக்கறாங்க, தூக்கிவாரிப் போட்டு ஊசி விரல்ல ஏறிடுது. கவுன்டர்ல ஆள் வந்தா தெரியணும். பேரம் பேச அத்தை போதும், அது அவளுக்குப் பிடிச்ச வேலைன்னார்.

அதனால கவுன்டர்ல ஒரு பட்டன், மாமா மணிக்கட்டுல வைப்ரேட்டர் மோட்டார் வச்ச பட்டை. அதே ஈஎஸ்பி32-தான். மொத்தமே ஆயிரத்துக்குள்ள. கைடு சார்கிட்ட சொன்னேன். "காலிங் பெல்லெல்லாம் ப்ராஜெக்டா? ஏஐ எங்கே?" ன்னு கேட்டார். மார்க்குக்குக் கையுறையையே கொடுக்கப் போறேன். தலைப்பை மட்டும் "இருபது கை அசைவுகளை அடையாளம் காணும் கையுறை" ன்னு மாத்திட்டேன். சைகை மொழின்னு போட மனசு வரல.

எஸ்பி ரோடு சால்டர் | சனி, இரவு 11:40

தலைப்பு சரி. பெல் தப்பு. தையல் மிஷின் ஓடும்போது கை பூரா அதிரும், அதுல உன் குட்டி மோட்டார் அதிர்ச்சி எங்க தெரியப் போகுது? மிஷின் தலைக்கு மேல, ஊசி பக்கத்துல, அவர் கண்ணு எப்பவும் இருக்கிற இடத்துல ஒரு எல்இடி வை. சிவப்பு வேண்டாம், துணிக் கலர்ல கலந்துடும். வெள்ளையா, ரெண்டு தடவை சிமிட்டற மாதிரி. செவ்வாய்க்கிழமை கடைப் பக்கம் வா, என்கிட்ட பழைய ஸ்ட்ரிப் கிடக்கு, காசு வேண்டாம்.

விரல்மொழி | ஞாயிறு, காலை 8:20

சிவாஜிநகரில் கடை எந்தச் சந்து? என்னிடம் நான்கு பேன்ட் இருக்கிறது, எல்லாம் நீளம். என் தையல்காரருக்கு எழுதிக் காட்டினாலும் ஒவ்வொரு முறையும் இரண்டு இன்ச் அதிகமாக வெட்டிவிடுகிறார்.

அல்சூர்ப் பையன் | ஞாயிறு, காலை 8:31

பஸ் ஸ்டாண்டு பக்கம் வந்து மெசேஜ் போடுங்க அண்ணா, நான் வந்து கூட்டிட்டுப் போறேன். அத்தை இன்னைக்கு ஆம்பூர். கடை திறந்திருக்கு.